கசக்கிறதா என்று எழுது

மார்ச் 4

அன்புள்ள அண்ணாவுக்கு,

வாலு எழுதுகிறேன். இங்கே நான் சுகம். நீ, அண்ணி, உன் பழைய தையல் மெஷின் மூவரும் சுகமா?

போன வாரம் முழுக்கப் போன் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் அண்ணிதான் எடுத்து, "உங்க அண்ணன் அளவு எடுத்துக்கிட்டு இருக்கார்" என்கிறார். ஊரில் எல்லோருக்கும் ஒரே வாரத்தில் உடம்பு பெருத்துவிட்டதா? சரி, கடிதத்துக்காவது பதில் போடுகிறாயா பார்ப்போம்.

இத்துடன் ஒரு டியூப் வருகிறது. தங்கை என்ன வேலை பார்க்கிறாள் என்று யாராவது கேட்டால் "களிம்பு கிண்டுறா" என்று சொல்கிறாயே, அந்தக் களிம்புதான். கொய்யா இலைச் சாறு, கற்றாழை, கொஞ்சம் அதிமதுரம் சேர்த்த ஜெல். வாய்ப்புண்ணுக்கு. மருந்தைச் செய்வதில் கஷ்டமில்லை அண்ணா, அதை வாய்க்குள் நிற்க வைப்பதுதான் பெரும்பாடு. எச்சில் எல்லாவற்றையும் கழுவிக்கொண்டு போய்விடுகிறது. முன்பு செய்த இரண்டு ஜெல்லும் வழுக்கித் தொண்டைக்குள் இறங்கிவிட்டன. இதுவும் சொதப்பினால் எங்கள் ஆய்வகத் தலைமை அம்மா இந்த ஆராய்ச்சியையே மூட்டை கட்டிவிடுவார்.

ஆய்வகத்தில் இரண்டு விதமாக டியூப் நிரப்புகிறோம். ஒன்றில் சாறு கலந்த ஜெல். மற்றதில் வெறும் பசை, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். உனக்கென்று மருந்து உள்ளதாகத் தனியே எடுத்து வைத்தேன். கசக்கும், துவர்க்கும், கொய்யா இலை வாசம் வரும். குழந்தை மாதிரி துப்பிவிடாதே. வெளியாட்களுக்குக் கொடுக்க இன்னும் அனுமதி வரவில்லை, அதனால் யாரிடமும் மூச்சு விடாதே. நீதான் வருடம் முழுக்க வாய்ப்புண்ணை வைத்துக்கொண்டு அவதிப்படுகிறவன். தடவிப் பார்த்து உள்ளதை உள்ளபடி எழுது.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்.

உன்
வாலு

மார்ச் 15

அன்புத் தங்கைக்கு,

அண்ணனின் ஆசிகள். நாங்கள் இருவரும் நன்றாக இருக்கிறோம். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை களிம்பை நக்கியே காலம் தள்ளுகிறாயா?

டியூப் வந்தது. தடவினேன். நீ சொன்ன மாதிரியே கசந்தது, துவர்த்தது, கொய்யா இலை வாசமும் வந்தது. நன்றாக ஒட்டிக்கொண்டது. இரண்டே நாளில் புண் இருந்த இடம் தெரியவில்லை. உங்கள் தலைமை அம்மாவிடம் மார்தட்டிச் சொல். இது பெரிய மருந்து. இதைவிட நல்லது எந்தக் கடையிலும் கிடையாது.

ஜூனில் பள்ளிக்கூடம் திறப்பதற்கு இப்போதே ஆர்டர் வந்துவிட்டது. சீருடை குவிந்து கிடக்கிறது. மெஷின் சத்தத்தில் போன் மணி காதில் விழுவதில்லை. நீ கடிதமே போடு. படிக்கவும் நன்றாக இருக்கிறது. பழைய வாடிக்கையாளர் ஒருவர் பத்து வருடத்துக்கு முன் தைத்த கால்சட்டையைக் கொண்டுவந்து, இடுப்பைப் பிரித்துவிடச் சொன்னார். "துணி சுருங்கிடுச்சு"ங்கிறார். நானும் ஆமாம் என்று தலையாட்டினேன்.

வேறு டியூப் அனுப்ப வேண்டாம். எனக்குத்தான் ஆறிவிட்டதே. தேவைப்படுகிறவர்களுக்குக் கொடு.

அன்புடன்
அண்ணன்

மார்ச் 24

என் அருமை அண்ணாவுக்கு,

சுகமாக இருக்கிறேன். சுகம் என்றால் சாதாரணச் சுகமில்லை, தரையில் கால் பாவவில்லை. உன் கடிதத்தைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு அலைகிறேன். யாரிடமும் காட்ட முடியாது, ஆனாலும் கூட வேலை பார்க்கும் பெண்ணிடம் மட்டும் காட்டினேன். "உங்க அண்ணன் விளம்பரக் கம்பெனிக்கே போகலாம்" என்றாள்.

இங்கே இப்போது ஒட்டும் சோதனை நடக்கிறது. அதற்காக நான் காலையில் கறிக்கடைக்குப் போய் ஆட்டின் கன்னத்து உட்சதை வாங்கி வருகிறேன். அதைக் கண்ணாடியில் பொருத்தி, ஜெல்லைத் தடவி, வாய் மாதிரி ஈரமும் சூடும் வைத்து, எவ்வளவு நேரம் விழாமல் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். கறிக்கடைக்காரருக்கு என் மேல் பெரிய இரக்கம். "வேற நல்ல கறி தரட்டுமா தாயி, இதப் போயா சாப்பிடுவ?" என்று கேட்கிறார்.

ஜெல் விழாமல் நிற்கும்போதெல்லாம் அப்பா நினைவுதான். அப்பாவுக்கு நாக்கில் அந்த நோய் வந்தபோது நான் சிறு பெண். நீதான் ஸ்பூனில் பால் ஊட்டினாய், நான் கதவருகில் நின்று பார்த்தேன். இந்த ஜெல்லால் அந்த நோய் போயிருக்காது. ஒரு வாய் சோறாவது வலிக்காமல் விழுங்கியிருப்பார். இந்த வேலைக்கு நான் வந்ததே அதனால்தான் என்று உனக்குத் தெரியும்.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். பொங்கலுக்கு நான் வந்திருந்தபோது உனக்கு இடது பக்கம் நாக்கோரத்தில் ஒரு புண் இருந்தது. இப்போது ஆறியது அதுவா, வேறா? அதுவே என்றால் ரொம்ப நாள் இருந்திருக்கிறதே. மறக்காமல் எழுது.

வாலு

ஏப்ரல் 20

அன்புத் தங்கைக்கு,

இங்கே எல்லோரும் நலம். உன் உடம்பைப் பார்த்துக்கொள். கறிக்கடையில் நிற்கும்போது வழுக்கி விழாதே.

பதில் போடத் தாமதமாகிவிட்டது, வேலை அதிகம். இத்துடன் உனக்கு ஒரு வெள்ளைக் கோட்டு வருகிறது. போன முறை நான் அங்கே வந்தபோது நீ போட்டுக்கொண்டிருந்த ஆய்வகக் கோட்டு உன் தோளில் நிற்கவே இல்லை. உன் அளவு எனக்கு நாடா இல்லாமலே தெரியும். உள்ளே ஒரு ரகசியப் பை வைத்திருக்கிறேன், யார் கண்ணிலும் படாது. பட்டன் காஜா எல்லாம் கையால் எடுத்தது. சூடான பாத்திரம் தூக்கும்போது கோட்டுக் கை மணிக்கட்டைத் தாண்டி வரக்கூடாது என்று கொஞ்சம் குட்டையாக வைத்தேன்.

கடைக்கு எதிரில் புதிதாக ஒரு குடைக் கடை திறந்திருக்கிறார்கள். அன்றிலிருந்து மழையே இல்லை. அந்த மனிதர் வானத்தைப் பார்க்கிறார், நான் அவரைப் பார்க்கிறேன். பொழுது போகிறது.

உன் களிம்பு எப்படிப் போகிறது? அது கட்டாயம் ஜெயிக்கும். அப்பா இருந்திருந்தால் உன்னைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு தெருத்தெருவாகச் சுற்றியிருப்பார்.

அண்ணன்

ஏப்ரல் 29

அண்ணா,

நலமா? நான் நலமா என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை.

கோட்டு வந்தது. தோளில் அப்படியே உட்கார்ந்துவிட்டது. எல்லோரும் எங்கே வாங்கினாய் என்று கேட்டார்கள், வாங்க முடியாது என்றேன். ரகசியப் பைக்குள் உன் கடிதம் இருக்கிறது.

ஆனால் அண்ணா, கோட்டை உள்பக்கம் திருப்பிப் பார்த்தேன். நூல் முனைகள் எல்லாம் வால் வாலாக நிற்கின்றன. நீ தைத்த துணியில் நான் இப்படிப் பார்த்ததே கிடையாது. நீ நூலைப் பல்லால்தான் கடித்து அறுப்பாய், முனை எங்கே இருக்கிறது என்று விரலால் தடவினாலும் தெரியாது. "கத்தரிக்கோல் சோம்பேறிக்கு" என்று சொல்கிறவன் நீ. இது கத்தரிக்கோலால் வெட்டியது. ஏன் கடிக்கவில்லை?

போன கடிதத்தில் நான் கேட்டதற்குப் பதில் இல்லை. குடைக் கடையைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருக்கிறாய். அது இடது பக்கப் புண்தானா? ஒரு வரி எழுது, போதும்.

வாலு

மே 12

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். உங்களுக்குக் கால் வலி குறைந்ததா? அண்ணன் பதில் போடவில்லை. அதனால் உங்களுக்கு எழுதுகிறேன்.

ஒரு தப்பு நடந்துவிட்டது, என் தப்பு. நேற்று டியூப்களைச் சரிபார்த்தோம். மருந்து உள்ள டியூபுக்கு அடி மடிப்பில் பச்சைக் கோடு போட்டிருக்கும். அண்ணனுக்கென்று நான் எடுத்து வைத்த பச்சைக் கோட்டு டியூப் என் மேசை இழுப்பறையிலேயே கிடக்கிறது. அவசரத்தில் பார்சலுக்குள் நான் போட்டது பக்கத்தில் இருந்த வெறும் பசை. அதில் மருந்து ஒரு சொட்டுக் கூடக் கிடையாது. கசப்பு இல்லை, துவர்ப்பு இல்லை, வாசனையும் இல்லை. யார் நாக்கில் வைத்தாலும் சப்பென்றுதான் இருக்கும்.

அண்ணனோ கசந்தது, துவர்த்தது, இரண்டு நாளில் ஆறியது என்று எழுதியிருக்கிறான். நான் எழுதியதையே எனக்குத் திருப்பி எழுதியிருக்கிறான். என் மனசு நோகக்கூடாது என்று பொய் சொல்லியிருக்கிறான். அப்படியானால் புண் ஆறவில்லை. பொங்கலிலிருந்து ஆறாத புண் அண்ணி. எனக்குப் பயமாக இருக்கிறது. எதற்குப் பயம் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

டார்ச் அடித்து அவன் வாயைப் பாருங்கள். வாயைத் திறக்க மாட்டேன் என்றால் இந்தக் கடிதத்தை அவனுக்குப் படித்துக் காட்டுங்கள்.

உங்கள்
நாத்தனார்

மே 18

அன்பான தங்கச்சிக்கு,

அண்ணி எழுதுகிறேன். என் கால் வலி கிடக்கட்டும். நீ தைரியமாக இரு. எனக்கு உங்கள் இருவரையும் போல வளைத்து வளைத்து எழுத வராது, நடந்ததைச் சொல்கிறேன்.

சில மாதமாகவே அவர் சரியில்லை. உப்பு வேண்டாம், காரம் வேண்டாம், ரொட்டியைப் பாலில் ஊறவைத்துக் கொடு என்பார். கடையில் குண்டூசியை வாயில் வைத்துக்கொண்டு வேலை பார்க்கிறவர், இப்போது சட்டைக் காலரில் குத்திக்கொள்கிறார். பேச்சும் சுருங்கிவிட்டது. உன் போன் வந்தால் என்னிடம் நீட்டுவார். கேட்டால் "வேலையிருக்கு"ங்கிறார். பேசினால் நாக்கு குழறும், நீ கண்டுபிடித்துவிடுவாய் என்று பயம். நானும் அவர் சொன்னதையே உன்னிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். என்னையும் நாலு வார்த்தை திட்டு.

உன் கடிதம் வந்ததும் டார்ச்சை எடுத்துக்கொண்டு போனேன். "வாயத் திறங்க" என்றேன். "பல்லு விளக்கல" என்றார். சாயங்காலம் நாலு மணிக்கு. சரியென்று பக்கத்தில் உட்கார்ந்து கடிதத்தைப் படித்தேன். திட்டுவாய் என்று தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். அது வெறும் பசை, யார் நாக்கிலும் சப்பென்றுதான் இருக்கும் என்ற இடம் வந்ததும் நிமிர்ந்தார்.

"திரும்பப் படி" என்றார்.

படித்தேன்.

"அப்ப என் நாக்கு செத்துப் போகலையா?" என்று கேட்டார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் மெஷின் மேல் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை. அப்புறம் தானே கண்ணைத் துடைத்துக்கொண்டு, வாயைத் திறந்து, "பாரு" என்றார்.

பார்த்தேன். ஆறவில்லை. நாளைக் காலையில் பல் டாக்டரிடம் கூட்டிப் போகிறேன். மிச்சத்தை அவரே எழுதுவதாகச் சொல்லியிருக்கிறார். நீ சாப்பிடாமல் இருக்காதே.

அண்ணி

மே 21

வாலு,

உன்னைச் சுகம் கேட்கக்கூட எனக்குக் கூச்சமாக இருக்கிறது. சுகமா?

உன் டியூப் வந்த அன்றே திறந்து தடவினேன். கசக்கும் என்று எழுதியிருந்தாய். கசக்கவில்லை. கொஞ்சம் கூட எடுத்துத் தடவினேன். ஒன்றுமே தெரியவில்லை. கொய்யா வாசத்தையும் காணோம். நீ செய்த மருந்தில் சந்தேகமே வரவில்லை எனக்கு. நாக்கின் மேல்தான் வந்தது. உப்பும் காரமும் இல்லாமல் பாலில் ஊறின ரொட்டி தின்கிறவனுக்கு, ருசி இருக்கிறதா போய்விட்டதா என்று வேறு எதில் தெரியும்? அப்பாவுக்கு முதலில் ருசிதான் போனது. "சோத்துல உப்பே இல்லடா" என்று அம்மாவோடு சண்டை போட்டார், உனக்கு நினைவிருக்காது. நாங்கள் சிரித்தோம். அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் நீ கதவருகில் நின்று பார்த்ததுதான்.

எனக்கும் அதேதான் என்று முடிவு கட்டிவிட்டேன். டாக்டரிடம் போனால் அதை வாய்விட்டுச் சொல்லிவிடுவார்கள். உனக்கு எழுதினால் நீ களிம்பைப் போட்டுவிட்டு ஓடி வருவாய், உன் வேலை கெடும். அதனால் நீ சொன்ன கசப்பையே உனக்கு எழுதினேன். கசந்தது என்று எழுதும்போது நிஜமாகவே கசந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டே எழுதினேன்.

டாக்டர் ஒரு அம்மா. பார்த்ததும், "என்ன வேல பாக்குறீங்க?" என்றார். தையல் என்றேன். "நூலப் பல்லால கடிப்பீங்களா?" என்றார். கண்ணாடியை வைத்துக் காட்டினார். நூல் கடித்துக் கடித்து இடது பக்கப் பல்லில் ரம்பம் மாதிரி ஒரு பிசிறு. அது நாக்கோரத்தை உரசிக்கொண்டே இருந்திருக்கிறது, புண் எப்படி ஆறும் என்றார். பல்லை ராவி மழுக்கிவிட்டார். ஆனாலும் இவ்வளவு நாள் ஆறாத புண்ணை அப்படியே விடக்கூடாது என்று சின்னத் துண்டு எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார். முடிவு இன்னும் வரவில்லை.

பயமாக இருக்கிறது வாலு. இதை உன்னிடம் சொன்னதே கொஞ்சம் தெம்பாக இருக்கிறது.

அண்ணன்

மே 25

என் அண்ணாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன், நீயும் நன்றாக இருப்பாய். இது விசாரிப்பு இல்லை, வேண்டுதல்.

உன்னைத் திட்ட உட்கார்ந்தேன். நாலு தாள் கிழித்துப் போட்டேன். இவ்வளவு நாளும் உன்னைப் பயமுறுத்தியது என் அவசரம். நான் சரியான டியூபை அனுப்பியிருந்தால் அன்றைக்கே கசந்திருக்கும், நீ முகத்தைச் சுளித்து என்னை வைதிருப்பாய். உன் நாக்கு உண்மையைத்தான் சொன்னது அண்ணா. நீதான் அதை நம்பவில்லை, என்னை நம்பினாய்.

இனிமேல் என் மருந்தைப் புகழாதே. நான் தோற்றுப்போனால் மறுபடி கிண்டிக்கொள்வேன். நீ ஒருத்தன்தான் எனக்கு இருக்கிறாய். இன்று கறிக்கடைக்குப் போகவில்லை. அந்தக் கன்னத்துச் சதையைத் தொட இன்று என்னால் முடியாது என்று கூட இருக்கும் பெண்ணை அனுப்பினேன்.

தலைமை அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். கடைசியில் அவரே உன் டாக்டரோடு பேசி, அவர் சம்மதித்தால் அனுப்பலாம் என்றார். டாக்டரும் சம்மதித்துவிட்டார். இத்துடன் வருவது இழுப்பறையில் கிடந்த உன் டியூப். பச்சைக் கோடு இருக்கிறது, மூன்று பேர் பார்த்தோம். துண்டு எடுத்த காயம் ஆறியபிறகு தடவு. கசக்கிறதா என்று எழுது. அது மட்டும் போதும்.

சோதனை முடிவு எதுவாக இருந்தாலும் எனக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

வாலு

ஜூன் 9

அன்புத் தங்கை வாலுவுக்கு,

அண்ணனின் ஆசிகள். நலம். இந்தத் தடவை உண்மையாகவே நலம், அண்ணியிடம் கேட்டுக்கொள்.

முடிவு வந்துவிட்டது. அப்பாவுக்கு வந்தது இல்லை. உரசி உரசி வந்த புண்தான் என்று டாக்டரம்மா சொன்னார். சந்தோஷத்தில் எழுந்து நின்றேன், "உக்காருங்க, இன்னும் முடியல" என்றார். அப்பாவுக்கு இருந்ததால் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வந்து வாயைக் காட்ட வேண்டுமாம். காட்டுகிறேன். நூலைப் பல்லால் கடிக்கக் கூடாதாம். கத்தரிக்கோலுக்கே நிரந்தரமாக மாறிவிட்டேன். உன் துணிகளில் இனி வால் நிற்கத்தான் செய்யும், உன் பெயருக்குப் பொருத்தம்.

இனி உன் களிம்பு. முடிவு வருவதற்கு முந்தைய நாளே தடவிவிட்டேன். வந்தபிறகு தடவினால் எது தடவினாலும் இனிக்கும், அது சரியான சோதனையாகாது என்று தோன்றியது. அண்ணியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, விரலால் எடுத்து நாக்கோரத்தில் வைத்தேன்.

கசந்தது வாலு. காது வரைக்கும் கசந்தது. மூஞ்சி கோணிப் போய்விட்டது, அண்ணி சிரித்த சிரிப்பில் குடைக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். நான் மறுபடி எடுத்துத் தடவினேன். மறுபடியும் கசந்தது. அண்ணி டியூபைப் பிடுங்கி மறுநாள் வரை ஒளித்து வைத்துவிட்டார்.

உள்ளதை உள்ளபடி எழுதச் சொன்னாய், எழுதுகிறேன். இவ்வளவு கசப்பை எந்தக் குழந்தையும் வாயில் வைக்காது, அதிமதுரத்தைக் கூட்டு. ஒட்டுகிறது, ஆனால் நாக்கை அசைத்தால் பாதி பல்லுக்குப் போய்விடுகிறது. எரிச்சல் கொஞ்சம் அடங்குகிறது, ஆனால் சாப்பாட்டுக்கு முன் தடவினால் சாப்பாடெல்லாம் கொய்யா இலையாக இருக்கிறது. புண் பாதி ஆறிவிட்டது. பல்லை ராவியதால் ஆறுகிறதா, உன் மருந்தால் ஆறுகிறதா என்று என்னால் சொல்ல முடியாது. இதைத் தலைமை அம்மாவிடம் அப்படியே காட்டு.

நேற்று உப்புப் போட்டுச் சாப்பிட்டேன். உப்பு அதிகம் என்று அண்ணியோடு சண்டை பிடித்தேன். அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

எழுதியது போதும், கை வலிக்கிறது. ஞாயிற்றுக்கிழமை போன் போடு. நான்தான் எடுப்பேன்.

உன்
அண்ணன்